விரால் தூண்டிலுக்கு ரப்பர் புழு: வீட்டிலேயே வார்ப்பது எப்படி?

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம், ஆதனூர் பகுதிகளில் ஏரியும் பண்ணைக்குட்டையும் நிரம்பியதும் விராலுக்குத் தூண்டில் போடுவது வழக்கம். முன்பு உயிருள்ள தவளை, மண்புழு, சிறு மீன் ஆகியவையே இரை. இப்போது கடைகளில் 'ரப்பர் புழு', 'சாஃப்ட் லூர்' என்ற பெயரில் விற்கும் மென் பிளாஸ்டிக் இரையைப் பலரும் வாங்குகிறார்கள். விரால் ஒரு முறை கடித்தாலே வால் அறுந்துவிடுவதால் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறது. அதை வீட்டில் வார்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

முடியும். வார்க்கும் வேலை அச்சு வெல்லம் ஊற்றுவதைப் போன்றதுதான். கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, சூடாக்கும்போது வரும் புகை. மற்றொன்று, அறுந்து ஏரியில் தங்கிவிடும் இரையும் முள்ளும். இந்த இரண்டுக்கும் வழி செய்துகொண்டு தொடங்குங்கள்.

விவசாயிக்கு இதில் என்ன பயன்?

கெண்டை வளர்க்கும் குட்டையில் விரால் புகுந்தால் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மழைக்காலத்தில் ஈரத்தரையில் ஊர்ந்தும், வாய்க்கால் வழியாகவும் குட்டைக்கு வந்து சேரும். வலைக்குச் சிக்காமல் சேற்றிலும் கோரைப் புதரிலும் பதுங்கும். அப்படிப்பட்ட விராலைக் குட்டையைக் கலக்காமல் எடுக்கத் தூண்டில் நல்ல வழி. சந்தையில் கெண்டையைவிட விராலுக்குக் கூடுதல் விலையும் உண்டு.

இன்னொரு பயன் தவளைக்கு. தவளை நெல் வயலில் பூச்சிகளைத் தின்று நமக்கு உதவுகிறது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கை இரையைப் பயன்படுத்தினால் முள்ளில் கோக்க வயல் தவளையைப் பிடிக்க வேண்டியதில்லை.

ரப்பர் புழு என்பது ரப்பர் அல்ல

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி 1949-ல் தன் வீட்டுச் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக் புழுவை வார்த்தார். இன்று கடையில் கிடைக்கும் மென் இரைகள் அந்த வழியில் வந்தவை. பெயர்தான் ரப்பர். பெரும்பாலும் அது பி.வி.சி பிளாஸ்டிக். மிக நுண்ணிய பி.வி.சி தூளை, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்தால் பால் போன்ற கலவை கிடைக்கும். அதன் பெயர் பிளாஸ்டிசால். சூடாக்கினால் தூள் அந்தத் திரவத்தை உறிஞ்சி ஒன்றாகிவிடும். ஆறியதும் வளையும் தன்மையோடு இறுகும். மறுபடி சூடாக்கினால் மறுபடி உருகும். எனவே அறுந்த இரையைப் புதிதாக வார்க்கலாம்.

நிக் கிரீம் சமையலறையில் செய்தார் என்பதற்காக நீங்களும் அங்கே செய்ய வேண்டாம். பிளாஸ்டிசால் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

தேவையான பொருட்கள்

- மென் இரை வார்ப்பதற்கான பிளாஸ்டிசால், முதலில் அரை லிட்டர் போதும்
- பிளாஸ்டிசாலுக்கு உரிய நிறமி, சில துளிகள்
- பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அல்லது சூடு தாங்கும் சிலிக்கான் அச்சு
- மின்சார ஹாட் பிளேட்
- மூக்கு வைத்த, கனமான அடியுள்ள சிறு பாத்திரம், எஃகுக் கரண்டி
- 250 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் வெப்பமானி
- தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு
- கரிம ஆவியும் அமில வாயுவும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி
- ஒரு வாளி உலர்ந்த மணல்

பிளாஸ்டிசால் வாங்கும்போது மென் இரைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். கையுறைக்கும் துணிப் பூச்சுக்கும் விற்கும் வகைகள் விறைப்பாக வரலாம். தாலேட் கலக்காதது கிடைத்தால் அதையே எடுங்கள்.

துணி முகமூடியும் சாதாரண மருத்துவ முகமூடியும் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஒரு முறை இந்த வேலைக்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது.

செலவை மிச்சப்படுத்தப் பழைய பி.வி.சி பைப், ரெக்சின், செருப்பு ஆகியவற்றை உருக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அவை மென் இரையாக மாறாது, கருகித்தான் போகும். பழைய பைப்புகளில் ஈயம் கலந்த சேர்மானம் இருக்கலாம்.

அச்சு செய்யும் முறை

முதல் அச்சுக்குத் தட்டையான அடியுள்ள சிறு புழு அல்லது மீன் வடிவம் ஏற்றது. கடையில் வாங்கிய இரையையே மாதிரியாக வைக்கலாம். களிமண்ணில் நீங்களே செய்தும் வைக்கலாம்.

1. ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் மாதிரியைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டவும். மாதிரி மீதும் டப்பாவின் உள்புறத்திலும் வாசலின் மெல்லியதாகத் தடவவும்.
2. ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கவும்.
3. மாதிரி மூழ்கி, அதன் மேல் இரண்டு விரல் கனம் நிற்கும்படி ஊற்றவும். டப்பாவை லேசாகத் தட்டினால் குமிழ் மேலே வந்துவிடும்.
4. ஒரு மணி நேரம் கழித்துக் கவிழ்த்து மாதிரியை எடுக்கவும்.
5. பல நாட்கள் வெயிலில் காய வைக்கவும். கையில் எடுத்தால் கனம் குறைந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாமல் இருக்க வேண்டும்.
6. காய்ந்த பிறகு குழிக்குள் சூடு தாங்கும் எபாக்சி பூச்சு மெல்லியதாக இரண்டு முறை தடவி, அதையும் முழுமையாக உலர விடவும். இரையின் மேற்பரப்பு பளபளப்பாக வரும்.

ஈரமான அச்சில் சூடான பிளாஸ்டிசாலை ஊற்றினால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, கலவை முகத்தில் தெறிக்கும். இந்த வேலையில் விபத்துக்கு முக்கியக் காரணம் ஈரம்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அச்சு சரியாகக் காயாது. எனவே அச்சு செய்யும் வேலையைக் கோடையிலேயே முடித்து வையுங்கள்.

கடல்பாசியில் ஒத்திகை

நேரடியாகப் பிளாஸ்டிசாலில் இறங்காமல், மளிகைக் கடையில் கிடைக்கும் அகர் அகர் கடல்பாசியில் ஒரு முறை வார்த்துப் பாருங்கள். கடல்பாசியைத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கரைத்து ஊற்றினால், 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது தானே உறையும். குழியில் குமிழ் நிற்கிறதா, வால் பகுதி முழுவதும் நிரம்புகிறதா, எடுக்கும்போது கிழிகிறதா என்று தெரிந்துவிடும். கடல்பாசி எளிதில் உடையும் என்பதால் அது தூண்டில் இரையாகத் தாங்காது, கை பழகுவதற்கு மட்டுமே. ஒத்திகை முடிந்ததும் அச்சை மறுபடி சில நாட்கள் வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த வேலை.

வார்க்கும் முறை

இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். மாட்டுக்கொட்டகை, மோட்டார் அறை, வீட்டுத் திண்ணை வேண்டாம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். குழந்தைகளும் கால்நடைகளும் அருகில் இருக்கக் கூடாது. மழைத் தூறல் இருந்தால் அன்று வேலை வேண்டாம்.

1. பிளாஸ்டிசால் பாட்டிலை நன்றாகக் குலுக்கவும். அடியில் தூள் தங்கியிருந்தால் இரை ஒரு சீராக வராது.
2. 100 மில்லி மட்டும் பாத்திரத்தில் ஊற்றி, மிதமான சூட்டில் விடாமல் கிளறவும்.
3. பால் போல் இருந்தது முதலில் களி போல் கெட்டியாகும். பயந்து சூட்டைக் கூட்ட வேண்டாம். தொடர்ந்து கிளறினால் இளகித் தெளியும்.
4. ஏறத்தாழ 170 முதல் 177 டிகிரியில் கலவை உருக்கிய நெய் போல ஒளி ஊடுருவும் பதத்துக்கு வரும். அதுவே ஊற்றும் பதம். நிறமியை இப்போது கலக்கவும்.
5. அச்சின் ஒரு முனையிலிருந்து மெல்லிய ஒழுக்காக ஊற்றவும். முதலில் வால், பிறகு உடல்.
6. நன்றாக ஆறிய பிறகு எடுத்து, தட்டையான பலகையில் நேராகக் கிடத்தவும். வளைந்த நிலையில் ஆறினால் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

ஒரு செ.மீ. கனமும் 10 செ.மீ. நீளமும் உள்ள புழுவுக்கு ஏறத்தாழ 8 மில்லி பிடிக்கும். 100 மில்லியில் 12 புழு, அரை லிட்டரில் ஏறத்தாழ 60 புழு வார்க்கலாம். ஆண்டுக்குப் பத்து புழுதான் தேவை என்றால் கடையில் வாங்குவதே சிக்கனம். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து செய்தால்தான் முகமூடிக்கும் வெப்பமானிக்கும் போட்ட பணம் திரும்பும்.

கலவை மஞ்சளாக மாறினால் சூடு அதிகம் என்று பொருள். பழுப்பாகிப் புகை வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலைப் போட வேண்டும். சூடான கலவை தோலில் பட்டால் கொதிக்கும் வெல்லப்பாகு போல ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்காமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாவு, பற்பசை, மை எதையும் தடவ வேண்டாம்.

தூண்டில் குண்டுக்காக வீட்டில் ஈயம் உருக்குவதையும் தவிருங்கள். ஈயப் புகையும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குண்டு மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

முள் கோக்கும் முறை

விரால் இருக்கும் இடத்தில் அல்லியும் ஆகாயத்தாமரையும் கோரையும் இருக்கும். முள் வெளியே தெரிந்தால் ஒவ்வொரு வீச்சிலும் செடிதான் மாட்டும். கழுத்தில் வளைவுள்ள அகல முள்ளை எடுத்து, புழுவின் தலையில் அரை செ.மீ. குத்தி வெளியே எடுங்கள். முள்ளைத் திருப்பி, அதன் முனையைப் புழுவின் உடலுக்குள் மறையும்படி செருகுங்கள். செடிக்குள் இழுத்தாலும் மாட்டாது, விரால் கடித்ததும் முனை வெளியே வந்து குத்தும். கலங்கிய தண்ணீரில் கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களின் நிழல் உருவம் விராலுக்குத் தெளிவாகத் தெரியும். தெளிந்த தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் பொருந்தும்.

முட்டுக்காடு, கோவளம் கழிமுகத்தில் கொடுவாய்க்கு முயல்பவர்கள் இதே முறையில் வால் ஆடும் மீன் வடிவ இரையை வார்த்து, குண்டு வைத்த முள்ளில் கோக்கலாம்.

அறுந்த இரை ஏரியில் தங்கக் கூடாது

மென் பிளாஸ்டிக் மக்காது. தண்ணீரில் கிடந்தால் ஊதிப் பெருக்கும். மீன் விழுங்கினால் வயிற்றில் தங்கிவிடும். இத்தகைய இரைகளை விழுங்கிய புரூக் ட்ரவுட் மீன்களின் எடை குறைந்ததை அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய கவலை மாடு. கோடையில் ஏரி வற்றியதும் உள்வாயில் மாடுகள் மேயும். புல்லோடு முள்ளையும் விழுங்கினால் அது இரைப்பையைத் துளைத்து இதயம் வரை சேதப்படுத்தலாம். கம்பி, ஆணி விழுங்கிய மாடுகளுக்கு நேர்வதும் இதுதான். ஏரியில் இறங்கும் குழந்தைகளின் காலிலும் முள் ஏறும். எனவே,

- அறுந்த புழு, வால் துண்டு, நரம்பு அனைத்தையும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.
- துண்டுகளைக் கழுவி, முழுவதும் உலர்த்தி, நிறம் வாரியாகப் பிரித்து மறுபடி உருக்குங்கள். ஈரத்தோடு பாத்திரத்தில் போட்டால் தெறிக்கும்.
- கடையில் வாங்கிய வேறு வகை இரைகளைச் சேர்த்து உருக்க வேண்டாம். ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தாலும் சில வகைகள் ஒன்றையொன்று கரைத்துவிடும்.
- ஏரி வற்றும் மாதத்தில் ஒரு நாள் நண்பர்களோடு உள்வாயில் நடந்து, கிடக்கும் முள்ளையும் நரம்பையும் பொறுக்குங்கள்.

எங்கே, எப்போது போடக் கூடாது?

பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிலோ கேட்ட பிறகே தூண்டில் போடுங்கள். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியிலும், வேடந்தாங்கல் போன்ற பறவைச் சரணாலயங்களிலும் மீன் பிடிக்கக் கூடாது.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொப்பளிப்பது தெரிந்தால், அடியில் தாய் விராலும் தந்தை விராலும் காவல் இருக்கும். குஞ்சுக்கு அருகில் எது விழுந்தாலும் ஆவேசமாகக் கடிக்கும் என்பதால் அங்கே பிடிப்பது எளிது. ஆனால் பெற்ற மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்களும் பறவைகளும் குஞ்சுகளைத் தின்றுவிடும். பொது ஏரியில் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் இடம் மாறிப் போடுங்கள். அடுத்த ஆண்டும் அந்த ஏரியில் விரால் இருக்கும்.

பண்ணைக்குட்டை மீன் வளர்ப்பு பற்றிய சந்தேகங்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தையோ அணுகலாம்.