குண்டு விழுந்த தூரம்

1690-இல் மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டை மட்டும் இல்லை. அங்கிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல், பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே ஆள். நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பிவைத்தார்கள். குண்டு தள்ளி விழ விழக் கம்பெனிக்கு லாபம், பின்னே? அந்த வட்டத்துக்குள் சிக்கிய ஊர்களில் கடலூரும் ஒன்று. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடியின் பெயரில் இருப்பதும் அந்தக் குண்டுதான் என்பது ஊர்ப்பேச்சு.

எல்லைக்கோடு என்பது தானாக முளைத்தது இல்லை, யாரோ போட்டது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ஆனால் உலகப் புவியியல் என்றாலே நமக்குத் தலைநகரங்களை ஒப்பிப்பது, அவுட்லைன் மேப்பில் கலர் அடிப்பது, மேப் கேள்விக்கு மார்க் வாங்குவது. அந்த உலகத்தில் நம்ம ஊர் எங்கேயும் வருவதில்லை.

கடலூரில் விரலை வைத்து நேர் கிழக்கே நகர்த்திப் பாருங்கள். வங்காள விரிகுடாவைத் தாண்டினால் போர்ட் பிளேர். இன்னும் போனால் கம்போடியாவின் நாம் பென். மேற்கே அரபிக்கடலைத் தாண்டினால் ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூட்டி. எல்லாம் ஏறக்குறைய ஒரே அட்சக்கோடு. கம்போடியா ரொம்ப தூரம்னு சொல்கிற பிள்ளையைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போகலாம். காம்போஜ அரசன் அதிசயமாகக் காட்டிய ஒரு கல்லை, முதலாம் குலோத்துங்கன் ஆணைப்படி கோயில் சுவரில் பதித்ததாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே சொல்கிறது. இந்தக் காம்போஜம் இன்றைய கம்போடியா என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

சரி, தூரத்தை எதால் அளப்பது? கிலோமீட்டர் ஒரு அளவு. சேதி வந்துசேர எடுக்கும் நேரம் இன்னொன்று. இதற்கும் கடலூரிலேயே பாடம் இருக்கிறது, கொஞ்சம் கசப்பான பாடம்.

அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்ததால், பிரிட்டனும் பிரான்சும் உலகம் முழுக்க மோதிக்கொண்டன. 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் இருவரும் முதற்கட்ட அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜூன் 13 அன்று ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை, புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மைசூர் வீரர்களும் இருந்த கடலூரைத் தாக்கியது. அந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஜூன் 20 அன்று கடலில் இன்னொரு சண்டை, சுஃப்ரேனின் கப்பல்களுக்கும் ஹியூஸின் கப்பல்களுக்கும். சமாதானச் சேதி வந்துசேர்ந்தது ஜூன் கடைசியில். ஒப்பந்தத்துக்கும் தாக்குதலுக்கும் நடுவே 144 நாள். செத்தவர்களில் நம் ஊர்ச் சிப்பாய்களும் உண்டு. வெர்சாய் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த கதை அதே தேவனாம்பட்டினக் கரையில். 2004 டிசம்பர் 26, காலை 6:29. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு உடைந்தது. ஒரு புள்ளியில் இல்லை. அங்கிருந்து வடக்கே நிக்கோபார், அந்தமான் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பிளந்துகொண்டே போனது. பிளவு தெற்கு வடக்காக நீண்டதால் அலையின் பெரிய வேகம் கிழக்கும் மேற்குமாகப் பாய்ந்தது. வடக்கே இருக்கும் வங்கதேசத்துக்குப் பெரிய சேதமில்லை; மேற்கே இருந்த இலங்கையும் நாகப்பட்டினமும் கடலூரும் நேராக வாங்கின. உலக மேப்பை விரித்து ஒரு ஸ்கேலை வைத்தால் பத்து நிமிடத்தில் எந்த மாணவிக்கும் புரிந்துவிடும்.

அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இந்தமுறை பாய்மரக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டிவி இருந்தது, செல்போன் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கென்று ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்புதான் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் கரையில் நிற்கக் கூடாது என்பதை, தாய்லாந்துக்குச் சுற்றுலா வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி தன் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள். கடலின் போக்கைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் கடற்கரையையே காலி செய்தார்கள்.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள் நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். சேதி தெரிந்ததும் வீட்டுக்கு போன் போட்டார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கடல் எப்படி இருக்கும், அலை எவ்வளவு உயரம் வரும் என்று மீனவர்களுக்கு அறிவிப்பதற்காக வைத்தது. பூட்டை உடைத்து உள்ளே போய், எல்லாரும் கரையை விட்டுக் கிளம்புங்க என்று அதில் சொன்னார்கள்.