ஓதம்: உலராத சுவரின் வரலாறு

தமிழில் 'ஓதம்' என்னும் சொல் கடலலையைக் குறிக்கும். சுவரில் ஊறும் ஈரத்தையும் குறிக்கும். இரண்டாம் பொருளைப் பலர் அறிவது புதுவீட்டின் முதல் மழைக்காலத்தில்தான். புதிதாகப் பூசிய சுவரில் திட்டுத்திட்டாக ஈரம் தோன்றினால், பழி முதலில் கொத்தனாரையே சேர்கிறது. கட்டுமான வரலாறோ வேறொன்றை உணர்த்துகிறது: பூச்சு உலர்வதற்குக் காலம் வேண்டும், அக்காலத்தின் விலையை எவரேனும் ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும்.

திருப்பதியை அடுத்த சந்திரகிரி, விஜயநகர அரசின் பிற்காலத் தலைநகர். அங்குள்ள மூன்றடுக்கு ராஜமகால் மரமின்றி, கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. கட்டுமானச் சொற்களும் இருமொழிக்கும் பொதுவானவை. தமிழின் 'காரை', தெலுங்கில் ஒலிப்புடைய முதலெழுத்தோடு 'கார' என வழங்குகிறது. 'சுண்ணாம்பு' அங்கே 'சுன்னமு'.

இக்காரையின் இயல்பே காத்திருத்தல். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது தென்னிந்திய வழக்கம். பூசப்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. அவ்வினையில் நீர் வெளிப்படுகிறது: 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு முழுவதும் கல்லாகும்போது 18 கிலோ நீர் பிறக்கும். குழைத்த நீர் வற்றிய பின்னும் புதுச்சுவர் வியர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மெல்லிய படலங்களாகப் பூசி, ஒன்று இறுகிய பின்னரே அடுத்ததை இட்டனர். 1837இல் பிரெஞ்சுப் பொறியாளர் விக்காவின் காரை பற்றிய நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த ஜே. டி. ஸ்மித் என்பது, இத்தொழிலறிவின்பால் சென்னை மாகாணம் கொண்டிருந்த அக்கறைக்குச் சான்று.

காத்திருக்க விரும்பாத நகரங்கள் என்ன செய்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்லின் விரைந்து வளர்ந்தது. பூச்சு உலராத புதுக்குடியிருப்புகளில் ஏழைக் குடும்பங்கள் குறைந்த வாடகைக்குக் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் மூட்டிய அடுப்பின் வெப்பமும், அவர்களது மூச்சின் கரியமில வாயுவும் சுவரை இறுகச்செய்தன. சுவர் உலர்ந்ததும் வாடகை உயர்ந்தது. அவர்கள் அடுத்த ஈரவீட்டுக்குப் பெயர்ந்தனர். 'ட்ரோக்கன்வோனர்', அதாவது 'குடியிருந்து உலர்த்துவோர்', என்பது அவர்களுக்கு ஜெர்மன் மொழி இட்ட பெயர். சுவரின் ஈரத்துக்கு விலையாக அவர்கள் தந்தது தம் உடல்நலத்தை.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1904இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் உற்பத்திக்கு முயற்சி நடந்தது. சிமெண்ட் விரைவில் இறுகும். ஆனால் இறுகுவதும் உலர்வதும் ஒன்றல்ல. சிமெண்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரே வேதிவினையில் பிணைகிறது. எஞ்சிய நீரும், செங்கல்லை நனைத்த நீரும், பூச்சு உறுதிபெற நாள்தோறும் தெளித்த நீரும் ஆவியாகியே வெளியேற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசி, தையில் புதுமனை புகும் அவசரத்தில் புட்டியும் பெயிண்டும் அடித்தால், அந்நீருக்கு வழி அடைபடுகிறது. பெயிண்ட் கொப்புளித்து உரிவது அதன் விளைவு.

எல்லாத் திட்டும் ஒருவகையல்ல. நாளுக்கு நாள் சுருங்குவது கட்டுமான நீர். அதற்கு மருந்து காற்றோட்டமும் பொறுமையும். ஒவ்வொரு மழைக்கும் மீள்வது கசிவு. கூரையிலோ குழாயிலோ அதன் மூலத்தைத் தேட வேண்டும். தரையிலிருந்து மேலேறுவது அடித்தள ஈரத்தடுப்பின் குறை. ஈரக்காற்று வீசும்போதெல்லாம் அதே இடத்தில் தோன்றி, வெண்பொடி பூப்பது உப்பு. கழுவாத மணலோ உவர்மண் செங்கல்லோ அதைக் கொணர்ந்திருக்கக்கூடும். அங்கே பூச்சைப் பெயர்த்தெடுப்பதன்றி வேறு வழி அரிது. பாலித்தீன் தாளொன்றைச் சுவரில் விளிம்படைத்து ஒட்டி ஒரு நாள் விட்டால், உட்புறம் துளிர்க்கும் நீர் சுவருடையது. வெளிப்புறம் துளிர்ப்பது அறைக்காற்றினுடையது.

பழங்கட்டடங்களில் இத்தெளிவு இன்னும் இன்றியமையாதது. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளியிடும். அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கி, இன்னும் மேலேறி, பழைய செங்கல்லையே பொடியாக்கும். மறைக்கப்பட்ட திட்டு தீர்ந்த திட்டு ஆகாது. ஒப்பந்தக்காரர் மிச்சப்படுத்திய மாதங்களை வீட்டுக்காரர் செலவாகவும், வாடகைக்கு வருவோர் இருமலாகவும் ஈடுசெய்கின்றனர். புதுச்சுவரின் ஓதத்தைக் காண்போர் முதலில் கேட்கவேண்டியது எந்தப் பெயிண்ட் என்றன்று. அச்சுவருக்கு எத்தனை நாள் விடப்பட்டது என்பதையே.