‘நாய்ஸ்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பு உண்டு; வளர்ப்பு உண்டு; நாடு விட்டு நாடு சென்று குடியேறுதலும் உண்டு. குடியேறிய இடத்தில் சில சொற்கள் செல்வாக்குப் பெறுகின்றன, சில இழிவடைகின்றன. அங்ஙனம் குடிபெயர்ந்து சென்று, ஏறத்தாழ 800 ஆண்டுகளாகப் பல வேடம் புனைந்து வாழ்ந்துவரும் ஒரு சொல்லைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன். அது ‘நாய்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல். இரைச்சல் என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். பிறமொழியாளரிடையே வாழும் நமக்கு அச்சொல்லின் கதையில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு.

‘நாய்ஸ்’ என்றவுடன் நம் வீட்டுச் சிறுவர்கள் நாய் குரைப்பதை எண்ணி நகைப்பர். ஆனால் அச்சொல்லின் உள்ளே இருப்பது நாயன்று, நாவாய் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. கிரேக்க மொழியில் ‘நௌஸ்’ என்றால் கப்பல். வடமொழியின் ‘நௌ’ அதன் உடன்பிறப்பு. கடற்பயணத்தில் உண்டாகும் தலைசுற்றலையும் குமட்டலையும் கிரேக்கர் இச்சொல்லின் அடியாகவே பெயரிட்டு அழைத்தனர். உரோமர் அதனைத் தம் இலத்தீனில் ‘நௌசியா’ என்று ஏற்றனர். நாளடைவில் அது அருவருப்பு, தொல்லை என்றெல்லாம் பொருள் விரிந்தது. பிரான்சின் தென்பகுதியில் வழங்கிய புரொவென்சால் மொழியில் ‘நௌசா’ என்பது இரைச்சலையும் சச்சரவையும் ஒருங்கே குறித்தது. பழைய பிரெஞ்சில் அதுவே ‘நாய்ஸ்’ ஆயிற்று என்பர். வேறு சிலர், தீங்கு எனப் பொருள்படும் ‘நோக்சியா’ என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம் என்பர். இரண்டில் எதைக் கொண்டாலும் இச்சொல்லின் பிறப்பில் இனிமை இல்லை. இன்றைய பிரெஞ்சில் இச்சொல் தன் செல்வாக்கை இழந்து, வலியச் சண்டைக்கு இழுப்பதைக் குறிக்கும் ஒரு தொடரில் மட்டுமே எஞ்சி நிற்கிறது.

1066-இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அரசோச்சியது. ஆட்சியாளரின் மொழியிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. பேரோசையைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘டின்’ என்னும் சொந்தச் சொல் முன்பே இருந்தது. ஓசையைக் குறிக்கும் வடமொழித் ‘த்வனி’யோடு அது தொலைவு உறவுடையது என்பர். எனினும் வந்தேறிய ‘நாய்ஸ்’ 13-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில ஏடுகளில் இடம் பிடித்துவிட்டது.

இடம் பிடித்த பின்னர் அது ஒரு பொருளோடு நிற்கவில்லை. கூச்சல், ஆரவாரம், சச்சரவு என்பன ஒருபுறம். ஊரார் வாயில் உலவும் வதந்தி, பழிச்சொல் என்பன மற்றொருபுறம். இவற்றோடு இசைக்கருவியின் ஒலியையும் இனிய ஓசையையும் குறிக்கவும் அதே சொல் பயன்பட்டது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இசைவாணர் குழு ஒன்றையே ‘நாய்ஸ்’ என்று அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் அப்படியொரு குழுவைப் பற்றிய பேச்சு வருகிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இறைவனைப் போற்றி எழுப்பும் மகிழ்ச்சி முழக்கத்திற்கும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. குமட்டலில் பிறந்த சொல் கோயில் வரை சென்றுவிட்டது.

இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரிய விந்தையன்று. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கு சொற்களும் அரவம், அதாவது ஓசை, என்ற பொருளுடையன என்கிறது. அவற்றுள் அழுங்கல் இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் என்றும் கூறுகிறது. ‘கௌவை’ என்ற பழந்தமிழ்ச் சொல்லும் ஒலி, ஊரார் தூற்றும் அலர், துன்பம் என்னும் மூன்றையும் தாங்கி நிற்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கும் இவற்றுக்கும் எவ்வுறவும் இல்லை. ஆயினும் ஓசையும் பழியும் துன்பமும் ஒரே வழியாகத்தான் மனிதனை வந்தடைகின்றன என்பதை இரு மொழியாரும் கண்டிருக்கின்றனர்.

இனி, இச்சொல்லின் வாழ்வில் வந்த இருண்ட காட்சி ஒன்றைக் காண்போம். 14-ஆம் நூற்றாண்டின் பெரும்புலவர் ஜெஃப்ரி சாசர் நம்மைப் போல் கணக்கேடு எழுதிப் பிழைத்தவர். 1374 முதல் லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கத்தின் கணக்கைத் தம் கைப்படவே எழுதிவரும் பணியில் இருந்தார். ‘காண்டர்பரி கதைக’ளில் அவர் சொல்லும் சேவற்கதை ஒன்றுண்டு. நரி சேவலைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஏழைக் கைம்பெண்ணும் அவள் மக்களும் கூவிக்கொண்டு பின்னே ஓடுகின்றனர். நாய்கள், பசு, கன்று, பன்றிகள் யாவும் ஓடுகின்றன, வாத்துகள் கத்துகின்றன, தேனீக்களும் கூட்டை விட்டு எழுகின்றன. அந்த ஆரவாரத்தைச் சாசர் ‘நாய்ஸ்’ என்கிறார். படிப்பவர் நகைக்கும் வேளையில் உவமை ஒன்றையும் வைக்கிறார். ஜாக் ஸ்ட்ராவும் அவன் கூட்டத்தாரும் பிளெமிங்கியரைக் கொல்லச் சென்றபோது எழுப்பிய கூச்சலும் இதில் பாதி இராது என்பது அதன் கருத்து.

அந்தக் கொலை கற்பனையன்று. 1381 ஜூன் மாதம் தலைவரியை எதிர்த்து உழவர் முதலியோர் கிளர்ந்தெழுந்து லண்டனுள் புகுந்தனர். அவர்களுள் ஒரு சாரார் நுழைந்தது ஆல்ட்கேட் வாயில் வழியே. சாசர் அக்காலத்தில் வாடகைக்குப் பெற்றிருந்த இல்லம் அவ்வாயிலின் மேலேயே இருந்தது. கலகத்தினிடையே சிலரது சினம் பிளெமிங்கியர்மேல் திரும்பியது. கடலுக்கு அப்பாலிருந்து பிழைப்பு நாடி வந்து, நெசவு முதலிய தொழில்களைச் செய்து வாழ்ந்த மக்கள் அவர்கள். தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களும் வெளியே இழுத்து வெட்டப்பட்டனர். லண்டன் நகரத்துப் பழைய வரலாற்றுக் குறிப்பொன்று மேலும் ஒரு செய்தி தருகிறது. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை ஆங்கிலேயர் போல் ஒலிக்க இயலாமல், ‘கேஸ்’ என்றும் ‘ப்ரோட்’ என்றும் தம் மொழிப்படி ஒலித்தவர்கள் தலையிழந்தனராம்.

ஒருவன் அன்றாடம் உண்ணும் உணவின் பெயரே அவனுக்குக் கூற்றாயிற்று. பிளெமிங்கியனின் வாயில் அது சொல். கேட்டவன் காதில் வெறும் இரைச்சல். பண்டைக் கிரேக்கரும் தம் மொழி பேசாதாரைப் ‘பார்-பார்’ என்று பிதற்றுவோராகக் கருதி ‘பார்பரோஸ்’ என்றனர். காட்டுமிராண்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே வந்தது. விளங்காத பேச்சை இரைச்சல் என்பது முதற்படி. பேசுவோனை மனிதனல்லன் என்பது அடுத்த படி.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் ஆய்வுக்கூடத்தினுள்ளும் புகுந்தது. தந்திக்கம்பியிலும் தொலைபேசியிலும் செய்தியோடு கலந்து வரும் வேண்டாத மின்னசைவுகளுக்கு ‘நாய்ஸ்’ என்று பெயரிட்டனர். 1928-இல் ஜான்சன், நைக்விஸ்ட் ஆகிய அறிஞர் இருவர், மின்கம்பியின் வெப்பமே அதனுள் ஓயாத சலனத்தை எழுப்புகிறது என்று காட்டினர். 1948-இல் கிளாட் ஷானன், இத்தகைய சலனங்களுக்கிடையிலும் செய்தியைப் பிழையின்றிச் சேர்ப்பிக்க வழியுண்டு என்று கணித முறையில் நிறுவினார். ஒலியே இல்லாத இடத்திலும் இரைச்சல் உண்டு என்று ஆயிற்று. செய்தி எதுவோ அதனைக் கெடுப்பது இரைச்சல்.

சட்டமும் இதனை அளக்கிறது. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல்லும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் உச்ச அளவாகும். இவ்வெல்லை இன்றியமையாதது, நோயாளியும் மாணவனும் இதனால் காக்கப்படுவர். ஆயினும், அளவுக்குட்பட்ட ஓசை ஒருவருக்குப் பொருளுள்ளதா அன்றா என்பதை எந்தக் கருவியும் கூறாது. நாதசுரமும் தவிலும் நமக்கு மங்கலம். பழகாத அண்டை வீட்டாருக்கு அவை உறக்கத்தைக் கெடுப்பன. அவர்கள் டோலக் தட்டிப் பாடும் பஜனையும் பொருள் விளங்காதவரை நமக்கு அவ்வாறே. அவர்கள் மொழியில் நாம் நாலு சொல் கற்ற அன்றே சுவருக்கு அப்பாலிருந்து வரும் இரைச்சல் பேச்சாகிவிடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் சொல்வது நம் காதில் விழுகிறது.

இதனினும் பெரிய கவலை நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. பள்ளியில் வேறு மொழி, விளையாட்டில் வேறு மொழி என்று வளரும் நம் மக்கள், ஊரிலிருந்து வந்த பாட்டி கதை சொல்லும்போது பாதி விளங்காமல் எழுந்து போகிறார்கள். பிறர் காதில் தமிழ் இரைச்சலாக ஒலிப்பின் அதனைப் பொறுக்கலாம். பழகப் பழக அது மாறும். பெற்ற பிள்ளையின் காதிலேயே அது இரைச்சலாகிவிட்டால் யாரிடம் சென்று முறையிடுவது? சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பிற்கு நம் பிள்ளைகளை விடாமல் அனுப்புவதும், வீட்டில் அவர்களோடு தமிழில் பேசுவதும் நம் கடமையாகும். அண்டை வீட்டார் மொழியையும் அவர்கள் பிழையறக் கற்கட்டும். இரண்டும் கற்ற செவிக்கு இவ்விடத்தில் இரைச்சல் குறைவு, செய்தி மிகுதி.