மாரிகுப்பம் இரயில் நிலையமும் தங்கவயல் நகரமும்

கருநாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், இருப்புப்பாதை முடிவுறும் இடத்தில் அமைந்துள்ளது மாரிகுப்பம் நிலையம். உருவில் சிறியதே எனினும், நம் மக்களின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு.

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். அந்நாளில் அதற்கு அண்மையிலிருந்த நிலையம் பௌரிங்பேட்டை. அதுவே இன்றைய பங்காருப்பேட்டை. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-இல் திறக்கப்பட்ட பாதையில் அது அமைந்திருந்தது. சுரங்கங்களுக்கு நிலக்கரியும் பொறிகளும் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஆதலின் 1894-இல் அங்கிருந்து மாரிகுப்பம் வரை பத்து மைல் கிளைப்பாதை திறக்கப்பட்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது.

சுரங்கத்தில் இறங்கியவர் யாவர்? வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்த வந்த ஆதிதிராவிட மக்களே அவர்களுள் பெரும்பாலோர். தட்டி வீடுகளில் குடியிருந்து, பாறை சரிவுக்கும் நுரையீரல் நோய்க்கும் உயிரைக் கொடுத்து உழைத்தனர். அவர்கள் தோண்டிய தங்கம் அவர்கள் கையில் தங்கவில்லை.

எனினும், மாதக் கூலி கைக்கு வந்ததும் பண்ணையாரின் முகம் பார்த்து வாழும் நிலை நீங்கிற்று, தலை நிமிர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் 1907-இல் மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் தோன்றியது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பின்னர், 1926 முதல் கோ. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1930-இல், தொழிலாளரின் கைரேகையைப் பதியவேண்டும் என்ற கம்பெனியின் ஆணையை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவாளியைப் போல் நடத்தப்பட நாம் உடன்படோம் என்பதே அப்போராட்டத்தின் உட்பொருள்.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. ஆனால் நிலையம் மூடப்படவில்லை. பாட்டன்மார் பிழைப்புத் தேடி வந்திறங்கிய அதே பாதையில், பேரப்பிள்ளைகள் நாள்தோறும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

இளைஞர்களே! ஒரு தொழிலை மட்டுமே நம்பிய ஊருக்கு நேர்ந்த கதி இது. சுரங்கம் வற்றும், கற்ற கல்வி வற்றாது. உங்கள் குடும்பத்தில் தங்கவயல் சென்று உழைத்த முன்னோர் உளரா? முதியோரைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிடில், வேறு எவர் எழுதுவார்?