அரிக்கமேட்டுச் செம்மணிகள்

சோரியாங்குப்பத்திற்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945-இல் வீலர் அகழ்ந்த அம்மேட்டில் கிடைத்த சிவப்புக் கண்ணாடி மணிகளை நாம் வெறும் அணிகலனாகவே எண்ணிவிட்டோம். அச்சிவப்பைத் தந்தது கண்ணாடியில் கலந்த செம்பு. உலையில் காற்றைக் கட்டுப்படுத்தினால்தான் அது செந்துகள்களாகத் திரளும். காற்று மிகுந்தால் மணி பச்சையாகவோ நீலமாகவோ மாறிவிடும். 9-ஆம் நூற்றாண்டு இராக்கியக் குயவர்களும் புகையுலையில் வெள்ளியையும் செம்பையும் இவ்வாறே நுண்துகளாக்கி, மட்கலங்களுக்குப் பொன்னொளி ஏற்றினர்.

இதே வித்தை பின்னர் ஆய்வுக்கூடம் புகுந்தது. தங்க நுண்துகள்களின் செந்நிறத்தை 1857-இல் பாரடே ஆராய்ந்தார். 1951-இல் டர்க்கெவிச் குழுவினர் கொதிக்கும் தங்கக் கரைசலில் சிட்ரேட் உப்பிட்டு, ஏறத்தாழ 20 நானோமீட்டர் உருண்டைகளைப் பெற்றனர். உப்பைக் குறைத்தால் துகள் பெருக்கும் என 1973-இல் பிரென்ஸ் காட்டினார். அரிக்கமேட்டார் துகளை அறியார், நிறத்தை அறிவர். அவர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்கு எஞ்சவில்லை.