பற்றவைப்பு நேரமும் இயந்திர வெப்பமும்

பற்றவைப்பு நேரம் என்பது பெட்ரோல் இயந்திரத்தின் உருளையினுள் ஸ்பார்க் பிளக் பொறியை எழுப்பும் கணத்தைக் குறிப்பதாகும். பிஸ்டன் உச்சியை அடைய வணரித்தண்டு இன்னும் எத்தனை பாகை சுழல வேண்டும் என்பதைக் கொண்டு இது அளக்கப்படுகிறது. பட்டறைகளில் இதனை "டைமிங்" என்றே வழங்குவர்.

கலவை எரியச் சிறிது நேரம் தேவை. ஆகவே, பிஸ்டன் உச்சியைக் கடந்து வணரித்தண்டு ஏறத்தாழ 15 பாகை திரும்பும்போது அழுத்தம் பெருமம் அடையுமாறு பொறி முன்கூட்டியே எழுப்பப்படுகிறது.

பொறியைப் பிந்தச் செய்தால் இயந்திரம் எப்போதும் குளிரும் எனக் கருதுவது பொருந்தாது. பிந்திய எரிதலில் வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாக மாறாமல் வெளியேறும் புகையுடன் செல்கிறது. புகைவழி உருளைத்தலையினுள் குளிர்நீரால் சூழப்பட்டிருப்பதால் ரேடியேட்டரின் சுமை கூடுகிறது. வினையூக்கி மாற்றியை விரைந்து சூடாக்க, தற்காலக் கார்கள் குளிர்ந்த நிலையில் வேண்டுமென்றே பொறியைப் பிந்தச் செய்வதும் இதனாலேயே.

பொறி அளவு மீறி முந்தினால் "நாக்கிங்" எனும் தட்டல் எழும். இது உலோகச் சுவரை ஒட்டிய மெல்லிய வளிமப் படலத்தைக் கலைத்து, பிஸ்டனை உருக்கவும் வல்லது. அப்போதும் வெப்பமானியின் முள் அசையாதிருக்கலாம்!

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை செல்லும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் கோடை வெப்பநிலை 40° செல்சியசைத் தாண்டுவதுண்டு. இயந்திரம் உள்ளிழுக்கும் காற்று சூடானால் தட்டல் எளிதில் தோன்றும். டர்போ பொருத்திய கார்களில் உணரி இதனைக் கண்டறிந்ததும் கணினி பொறியைப் பிந்தச் செய்கிறது. பிஸ்டன் தப்பும், திறன் குறைந்து, புகையின் வெப்பம் ஏறும்.