சிவப்பு அட்டையும் வேலை பெர்மிட்டும் – நாம் மறந்துவிட்ட 1969



முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போது, எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி தம் பேரனோடு பள்ளிக்கு வந்திருந்தார். பேரனின் ஆவணங்கள் யாவும் சரியாகவே இருந்தன. அவற்றோடு தம் அடையாள அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். அது சிவப்பு அட்டை. நான் அதைப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "நானும் இங்கதான் சார் பொறந்தேன். ஒரே லயம், ஒரே வீடு. எந்தம்பிக்கு நீலம், எனக்குச் செவப்பு. எங்கப்பாவுக்குப் பெர்மிட் கிடைக்கல, ஊருக்குப் போயிட்டாரு" என்றார்.

இந்தச் சில சொற்களுக்குள் மலேசியத் தமிழரின் வரலாற்றில் ஓர் அத்தியாயமே அடங்கியிருக்கிறது. நம் மாணவர்களின் பாடநூல்களில் அதற்குப் பெரிய இடமில்லை. ஆகவே, ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு நிறம் வந்தது எப்படி?

1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அன்றும் அதற்குப் பின்னரும் இம்மண்ணில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பின் அடிப்படையிலேயே குடியுரிமை கிடைத்தது. (இவ்விதி 1962-இல் கடுமையாக்கப்பட்டது.) அதற்கு முன்னர்ப் பிறந்தவர்களிலும் இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களிலும் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிராதவர்கள் விண்ணப்பம் செய்ய வேண்டியிருந்தது. எனவேதான், 1957-க்கு முன் பிறந்த அக்காளுக்குச் சிவப்பும் அதன்பின் பிறந்த தம்பிக்கு நீலமும் அமைந்தன.

விண்ணப்பிக்கக் கதவு திறந்தே இருந்தது. விடுதலைக்குப் பிந்திய முதல் ஓராண்டில் விண்ணப்பித்தவர்களுள் பலருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்தும் விலக்கு இருந்தது. ஆயினும் தோட்டத்து மக்கள் பலர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தவில்லை. எழுத்தறிவின்மை ஒரு காரணம். பிறப்புப் பத்திரம் போன்ற சான்றுகள் கையில் இல்லாமை மற்றொரு காரணம். பட்டணத்து அலுவலகத்திற்குச் சென்றால் ஒருநாள் கூலி போய்விடும். "இன்னும் சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்" என்ற எண்ணமும் பலரிடம் இருந்தது. சிவப்பு அட்டையோடு பால்வெட்டப் போவதை அன்று யாரும் தடுக்கவில்லை. ஆகவே, நிறத்தின் வேறுபாடு அன்றாட வாழ்வில் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

1968-ஆம் ஆண்டின் சட்டம்

அந்த நிலையை மாற்றியது 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடிமகன் அல்லாத ஒருவர் வேலை செய்ய வேண்டுமானால், செல்லத்தக்க வேலை அனுமதிச் சீட்டு அவரிடம் இருக்க வேண்டும். அச்சீட்டு இல்லாதவரை வேலைக்கு வைத்துக்கொள்வதும் குற்றம். 1969 மே 13 கலவரத்திற்குப் பின்னர் இச்சட்டம் முனைப்போடு செயற்படுத்தப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த காலம் அது. குடிமக்களுக்கே வேலையில் முன்னுரிமை என்பது அரசின் நிலைப்பாடு. எந்த நாட்டு அரசும் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால், அதன் சுமை நேற்று வந்திறங்கிய அந்நியர்மீது மட்டும் விழவில்லை. இருபது, முப்பது ஆண்டுகளாக இரப்பர் மரம் சீவியவர்கள்மீதும் விழுந்தது.

காத்திருப்பின் கொடுமை

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அனுமதிச் சீட்டு நிலையானது அன்று, காலவரையறை உடையது. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பழையது முடிந்து புதியது வராத இடைவெளியில் ஒரு தொழிலாளி என்ன செய்வார்? வேலைக்குப் போனால் சட்டத்தை மீறியவராவார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. வேலை கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு என்பதால் நிர்வாகமும் துணிந்து வைத்துக்கொள்ளத் தயங்கும்.

நகரத்தில் வேலை போனால் போவது சம்பளம் மட்டுமே. தோட்டத்தில் நிலைமை வேறு. குடியிருக்கும் லயத்து வீடும், தோட்டத்து மருந்தகமும், பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளியும் அந்த வேலையோடு பிணைந்தவை. வேலை போனால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதுமே ஆட்டம் காணும். ஒரு தாளின் காலாவதி நாள், ஒரு குடும்பத்தின் காலாவதி நாளாகவே ஆகிவிட்டது.

கப்பலேறியவர்கள்

அக்காலக் கட்டத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறி இந்தியாவுக்குச் சென்றனர் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். பினாங்கிலிருந்தும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்தும் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் கப்பல்கள் சென்ற காலம் அது. பெற்றோரைச் சுமந்து வந்த 'ரஜுலா' போன்ற கப்பல்களே பிள்ளைகளைத் திருப்பி அழைத்துச் சென்றன. அப்பிள்ளைகளுள் பலர் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதே இல்லை.

இலங்கை மலையகத் தமிழரின் நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுவும் மக்களைக் கேளாமல் செய்யப்பட்டதே. எனினும், எத்தனை பேர் செல்ல வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்பது உலகறிய எழுதப்பட்டது. அதனால் அது வரலாற்றில் பதிவாயிற்று. இங்கே ஒரு சட்டமும், ஒரு படிவமும், ஒரு காத்திருப்புமே போதுமானவையாக இருந்தன. ஒவ்வொருவரும் தனித்தனியாகவே புறப்பட்டுச் சென்றதால், அது ஒரு பெருந்துயரமாக நம் நினைவில் நிலைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு என்ன பாடம்?

போனவர்களின் கதை முடிந்தது. தங்கியவர்களின் கதை நீண்டது. 2018-இல், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டைதாரர்களான 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. விடுதலை பெற்று அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் இப்படியோர் அறிவிப்பு தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே! குழந்தை பிறந்தவுடன் காலந்தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள். திருமணத்தையும் முறையாகப் பதிவு செய்யுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்று விட்டுவிட்டதன் விளைவை ஒரு தலைமுறையே சுமந்தது.

ஆசிரியர்களே! ஆவணம் இல்லாத பிள்ளை நம் வகுப்பிற்கு வந்தால், "முதலில் பேப்பரைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டா. எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று கேட்டறிந்து வழிகாட்டுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள். அன்று தோட்டத்தில் படிவத்தை நிரப்பித் தர ஓர் ஆள் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிரியாமல் இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் நாட்டு உணவகங்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்மிட் புதுப்பிப்புக்காகக் காத்திருப்பவர்களே. அவர்களை ஏளனமாகப் பேசும் பிள்ளைகளிடம், "நம் தாத்தாவும் ஒருநாள் அந்த வரிசையில்தான் நின்றார்" என்று சொல்லுங்கள்.

பதிவு முடிந்ததும் பாட்டி தம் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். "இவனோட சூராட் பெரானாக் சரியா இருக்கில்ல சார்?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டார். "சரியா இருக்கு பாட்டி" என்றேன். அதன் பிறகுதான் அவர் எழுந்தார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.